எலுமிச்சைச் சாறும் ஒன்பது மணி வெயிலும்

உண்மையைக் கண்டறிய மனிதகுலம் எத்தனையோ கருவிகளைச் செய்து பார்த்திருக்கிறது. தராசு, சத்தியப் பிரமாணம், சாட்சிக் கூண்டு, உண்மை கண்டறியும் எந்திரம். பகல் வெளிச்சத்துக்கு முன்னால் அத்தனையும் தூசு. சூரியன் பார்க்கும்போது எதுவும் தன்னை ஒளித்துக்கொள்ள முடியாது.

இதைச் சொன்னவர் ரிஷி அல்ல. உஸ்மான் ரோடு பகலவன் சில்க்ஸ் உரிமையாளர் வைரவன். சொன்னதும் ஒரு அரக்கு நிறப் புடவையைப் பற்றி. டியூப்லைட்டில் அது பழுப்பு மாதிரி தெரிந்தது.

கடையின் வழக்கம் அது. வாங்குகிறவர் சந்தேகப்பட்டால் வைரவனே புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு நடைபாதைக்கு வந்துவிடுவார். வெயிலில் விரித்துக் காட்டுவார். எங்காவது நூல் ஓடியிருந்தால் அதையும் அவரே தொட்டுக் காட்டுவார். ‘வெளிச்சத்தில் பார்த்து வாங்குங்கள்’ என்று கடைப் பைகளில் இருபத்தைந்து வருடமாக அச்சடிக்கிறார்கள்.

திங்கட்கிழமை அவர் இந்த வழக்கத்தைப் பெற்ற மகளின் முகத்துக்கும் நீட்டித்ததுதான் இந்த வாரத்துத் தலைவலி.

மகள் ஷண்முகப்ரியாவுக்கு இருபத்து மூன்று வயது. அடையாறில் எழும்பிக்கொண்டிருக்கும் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் சைட் இன்ஜினியர். மூக்கின் மேலும் இரண்டு கன்னங்களிலும், யாரோ எள்ளை அள்ளித் தெளித்த மாதிரி, பழுப்புப் புள்ளிகள். ஏழு வயதில் வந்தவை. வெயில் காலத்தில் கருக்கும், மார்கழியில் மங்கும். வீட்டில் ஒருவர் தேமல் என்றார், ஒருவர் மங்கு என்றார், ஒருவர் பூச்சி என்று வேப்பெண்ணெய் கொடுத்தார். பதினாறு வருடத்தில் யாரும் டாக்டரிடம் மட்டும் கேட்கவில்லை.

கடைக்கு வெள்ளி விழா. ஆடித் தள்ளுபடிக்கு முன்னால் பனகல் பார்க் எதிரே நாற்பதடி ஹோர்டிங், அதில் வைரவன் குடும்பத்தோடு நின்று கும்பிட வேண்டும் என்று மகன் சக்திவேல் திட்டம் போட்டான். எம்.பி.ஏ. படித்தவன். குடும்பம் என்று சொல்லமாட்டான், ‘பிராண்டோட முகம்’ என்பான். அந்த முகத்தில் புள்ளி இருப்பது அவனுக்கும் கவலை.

நங்கநல்லூர் பெரியம்மா விசாலாக்ஷி போனிலேயே வைத்தியம் சொன்னாள். எலுமிச்சைச் சாறு, மூன்று நாள். ப்ரியா ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள். மூன்று நாளில் போனால் போகட்டும். போகாவிட்டால் அதற்குப் பிறகு யாரும் தொடக்கூடாது, கம்ப்யூட்டரில்கூட. ஹோர்டிங்கில் அவள் முகம் அவள் முகமாகவே ஏற வேண்டும். வைரவன் கற்பூரம் அடிக்காத குறையாகச் சரி என்றார்.

மூன்று நாளும் காலையில் அம்மா பேச்சியம்மாள் சாறு தடவினாள். ஒன்பது மணிக்கு வைரவன் மகளைப் பால்கனிக்கு அழைத்துப் போய், தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பி, நிறம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கால் மணி நேரம் வெயிலில் பரிசோதித்தார்.

நான்காம் நாள், வியாழக்கிழமை, ப்ரியா கண்ணாடியில் பார்த்தபோது கன்னங்கள் இரண்டும் சுட்ட கத்தரிக்காய் மாதிரி இருந்தன. புள்ளிகள் அப்படியே இருந்தன. சுற்றியிருந்த தோல்தான் போய்க்கொண்டிருந்தது.

போட்டோ எடுக்க வேண்டிய நாள் அதுதான்.

வைரவன் அவளைப் பார்த்ததும் முதலில் பழத்தைச் சந்தேகித்தார். பிறகு பெரியம்மாவை. கடைசியாக, இதெல்லாம் பேச்சியம்மாள் வீட்டு ரத்தம் என்று வழக்கமான இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

“எங்க வம்சத்துல ஒரு மரு கிடையாது, தெரியும்லா? முகம்னா பால்கோவா மாதிரி இருக்கும். ஒன் மூஞ்சில இருக்கத ஒன் மகளுக்கும் குடுத்துட்ட.”

பேச்சியம்மாளின் கன்னத்தில் மங்கு உண்டு. சக்திவேல் வயிற்றிலிருந்தபோது படர்ந்தது. ப்ரியாவின் முகத்தில் முதல் புள்ளி விழுந்த நாளிலிருந்து அவள் இந்த வசனத்தைக் கேட்டு வருகிறாள். கேட்கும்போதெல்லாம் தோசைக்கல்லில் எண்ணெய் சற்று அதிகமாக விழும்.

வைரவன் குளித்துவிட்டு வந்து பவுடர் போட்டுக்கொண்டார். அவர் பவுடர் போடுவது சாமிக்குச் சந்தனக்காப்பு செய்கிற மாதிரி. நெற்றி, மூக்கு, கன்னம், கழுத்து, பிறகு இரண்டு காது மடல்கள். காதுக்கு எதற்கு என்று சக்திவேல் ஒரு முறை கேட்டதற்கு, கல்லாவில் உட்காருகிறவனை எல்லாரும் பக்கவாட்டில்தான் பார்ப்பார்கள் என்று தொழில் நுணுக்கம் சொன்னார்.

கிளம்புகிற அவசரத்தில் சக்திவேல் இன்னொரு பழைய சண்டையையும் எடுத்தான். பட்டு வியாபாரிகள் சங்கம் செப்டம்பரில் சீனாவுக்குக் கூட்டிப் போகிறது. அப்பாவுக்குப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். ஆதாரில் ஒரு பிறந்த தேதி, பான் கார்டில் ஒன்று. திருத்துவதற்குப் பத்தாம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் வேண்டும். ஒன்றரை மாதமாகக் கேட்கிறான். எலி தின்றது, வெள்ளத்தில் போனது, ஊரில் இருக்கிறது என்று மூன்று பதில் வந்துவிட்டது. அப்பா கணக்கில் பெயில் என்று சக்திவேல் முடிவு கட்டியிருந்தான்.

“நாளைக்குத்தான் சங்கத்துல பேர் குடுக்கக் கடைசி நாள்ப்பா.”

“தொலைஞ்சு போனதுக்கு நான் எங்கல போவேன்?” என்று சொல்லிவிட்டு வைரவன் காரில் ஏறினார்.

தாயும் மகளும் ஆட்டோவில் மயிலாப்பூர் போனார்கள். ப்ரியாவின் முகத்தில் ஈரத் துண்டு. ஓட்டுநர் கண்ணாடி வழியாக நான்கு சிக்னல் தூரம் பொறுத்துப் பார்த்தார். ஆழ்வார்பேட்டையில் முடியவில்லை.

“இன்னாமா, பாப்பா மூஞ்சி இப்டி கீது? கோழி ரத்தம் தடவுனா ரெண்டே நாள்ல சரியாப் பூடும். என் மச்சினிக்கு போச்சு.”

“அண்ணா, ரோட்டப் பாத்து ஓட்டுங்க” என்றாள் ப்ரியா. அந்த வாரத்தில் அது அவளுக்கு வந்த ஒன்பதாவது வைத்தியம்.

லஸ் முனையில் டாக்டர் ரூபீனாவின் கிளினிக்கில் ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். டாக்டர் விளக்கை இழுத்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். என்ன தடவினீர்கள் என்று கேட்டார். பேச்சியம்மாள் சொன்னாள். தடவிவிட்டு எங்கே இருந்தாள் என்று கேட்டார். பால்கனி, ஒன்பது மணி, கால் மணி நேரம் என்று ப்ரியா சொன்னாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

“எலுமிச்சைச் சாறு பட்ட தோல் மேல வெயில் பட்டா வெந்து போகும். சாறு போட்ட முகத்த வெயில்ல நிறுத்தினது யாரு?”

“அவிய அப்பா” என்றாள் பேச்சியம்மாள். “வெளிச்சத்துல பாத்தாத்தான் தெரியும்னு.”

“என்ன தொழில் பண்றாங்க?”

“சேலைக் கடை.”

டாக்டர் அதற்கு மேல் கேட்கவில்லை. அவரும் உஸ்மான் ரோட்டில் புடவை வாங்கியவராக இருக்க வேண்டும்.

பிறகு எழுதிக்கொண்டே சொன்னார். புள்ளிகளுக்கு ஃப்ரெக்கிள்ஸ் என்று பெயர். நோய் இல்லை, அழுக்கு இல்லை, தொற்றாது. பரம்பரையாக வருவது. தோலுக்கு நிறம் கொடுக்கிற பொருள் சில இடத்தில் கூடுதலாகச் சுரக்கிறது, வெயில் பட்டால் இன்னும் கூடுகிறது. அவ்வளவுதான். எந்தப் புள்ளியை நீக்க வேண்டும் என்று அப்பா மகளை வெயிலில் நிறுத்தினாரோ, அந்தப் புள்ளிக்கு வெயில்தான் சாப்பாடு.

வெந்தது ஆறுவதற்கு ஒரு களிம்பு. பத்து நாளைக்கு மேக்கப் கூடாது, பவுடர் கூடாது. ஆறிய பிறகு தினமும் சன்ஸ்க்ரீன், எஸ்.பி.எஃப். முப்பதுக்குக் குறையாமல். கடுகளவு தொட்டுக்கொள்வது பத்தாது, இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்க வேண்டும். சைட்டில் நிற்கிற நாளில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி. ஹெல்மெட்டுக்கு அடியில் கழுத்தை மறைக்கிற துணி. மருந்துக் கடையில் தெரிந்தவர் கொடுக்கிற வெள்ளைக் க்ரீம் கூடவே கூடாது, அதில் பாதிக்கு மேல் ஸ்டீராய்டு. ஏதாவது ஒரு புள்ளி மட்டும் தனியாகப் பெரிதானால், ஓரம் கோணலானால், ரத்தம் கசிந்தால் உடனே வர வேண்டும். மற்றபடி அவற்றை அவற்றின் பாட்டுக்கு விடலாம்.

“எடுக்கணும்னா லேசர் இருக்கு. நம்ம தோலுக்கு அதுவே தழும்பு போட்டாலும் போடும். வெயில்ல போனா மறுபடி வரும். உனக்கு எடுக்கணுமாம்மா?”

இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை அவளிடம் முதலில் கேட்டவர் அவர்தான். ப்ரியா துண்டை மடித்தாள்.

“வேணாம் டாக்டர்.”

பேச்சியம்மாள் எழுந்திருக்கவில்லை. தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டி, தனக்கு இருப்பதுதான் மகளுக்கும் வந்துவிட்டது என்று குற்றத்தை ஒப்புக்கொள்கிறவள் போலச் சொன்னாள். டாக்டர் விளக்கை அவள் பக்கம் திருப்பினார். இரண்டு விநாடி பார்த்தார்.

“இது மங்கு. கர்ப்பத்துல வந்திருக்கும். அது வேற, இது வேற. இத நீங்க குடுக்கல.”

“நான் குடுக்கலியா?”

“இல்ல. அவங்க அப்பாவுக்குச் சின்ன வயசுல இருந்துச்சான்னு கேட்டுப் பாருங்க. நிழல்லயே வேல பாத்தா வயசானப்புறம் மங்கிடும்.”

படியிறங்கும்போதே பேச்சியம்மாள் போன் போட்டாள். மறுமுனையில் வைரவன் வம்சத்தை ஐந்து தலைமுறைக்கு வரிசைப்படுத்திச் சொல்லி, ஒருவர் முகத்திலும் ஒரு புள்ளி இல்லை என்று அறிவித்து, ஆயிரம் ரூபாய் வாங்குகிற டாக்டர் எதையாவது சொல்லத்தான் செய்வார் என்று முடித்தார். போட்டோக்காரர் வந்துவிட்டார், சீக்கிரம் வாருங்கள் என்றார்.

கடையின் இரண்டாம் மாடியைச் சக்திவேல் காலி செய்து வைத்திருந்தான். குத்துவிளக்கு, வாழைக்கன்று, நான்கு பெரிய விளக்குகள். போட்டோக்காரர் ஷரஃபுதீன் ப்ரியாவின் முகத்தைப் பார்த்துவிட்டு சக்திவேலைப் பார்த்தார். மேக்கப் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதை ப்ரியா சொன்னாள். ஒரு வாரம் தள்ளிப்போடலாமா என்று பேச்சியம்மாள் கேட்டாள். ஹோர்டிங் அச்சடிக்கிறவர்களுக்கு மறுநாள் காலை பத்து மணிக்குள் படம் போய்ச் சேரவேண்டும் என்றான் சக்திவேல்.

நால்வரும் நின்றார்கள். கும்பிட்டார்கள். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தார்கள். ப்ரியா சிரிக்கும்போது கன்னம் எரிந்தது.

“செவப்ப மட்டும் கொறச்சிடறேன்மா, அது தப்பில்ல, ஆறிடப் போறதுதானே” என்றார் ஷரஃபுதீன். நியாயமான மனிதர். ஆனால் சக்திவேல் அவர் காதில் ஏதோ சொன்னான். அவர் தலையைச் சொறிந்துகொண்டு லேப்டாப்பைத் திறந்தார்.

பத்து நிமிடத்தில் திரையில் ஒரு குடும்பம் வந்தது. நடுவில் வைரவன். பக்கத்தில் மங்கு இல்லாத பேச்சியம்மாள். ஓரத்தில் வழுவழுவென்று ஒரு பெண். மூக்கு எங்கே முடிந்து கன்னம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. ப்ரியா திரும்பிப் பார்த்தாள். பின்னால் பச்சைப் பட்டுக் கட்டி நின்ற பொம்மைக்கும் அந்த முகம்தான்.

வைரவன் திரையைப் பார்த்து நெகிழ்ந்து போனார்.

“இதாம்ல என் மக.”

“நீங்க சரின்னு சொன்னீங்கப்பா” என்றாள் ப்ரியா. “மூணு நாளைக்கப்புறம் யாரும் தொடமாட்டாங்கன்னு சொன்னீங்க.”

முகத்தைத்தானே தொடமாட்டேன் என்றேன், இது படம்தானே என்று வைரவன் விளக்கம் கொடுத்தார். வியாபாரம் என்றால் சில விட்டுக்கொடுத்தல்கள் உண்டு என்றார். வாடிக்கையாளர் மனநிலை என்று சக்திவேல் ஏதோ ஆரம்பித்தான். அந்த நேரத்தில் கீழேயிருந்து ஆள் வந்தது. கே.கே. நகர் அம்மா ஒருவர், மகள் முகூர்த்தத்துக்குப் புடவை பார்க்கிறார், நிறத்தில் சந்தேகப்படுகிறார், முதலாளிதான் வர வேண்டும்.

வைரவன் இறங்கினார். ப்ரியாவும் பின்னாலேயே இறங்கினாள்.

நடைபாதையில், மூன்று மணி வெயிலில், அவர் புடவையை விரித்தார். பூ விற்கிறவர்களும் பை விற்கிறவர்களும் ஒதுங்கி இடம் விட்டார்கள். அது அவர்களுக்குப் பழகிய காட்சி. வைரவன் முந்தியைத் திருப்பினார். ஓரத்தில் ஒரு இடத்தை விரலால் தொட்டார்.

“இந்த எடத்துல ஒரு இழை தடிச்சிருக்கு பாருங்கம்மா. கைத்தறின்னா அப்படித்தான் இருக்கும். ஒளிச்சு வித்தா நாளைக்கு எம்மூஞ்சில நீங்க முழிக்க மாட்டிய. நானே சொல்லிடுதேன்.”

அந்த அம்மா உருகிவிட்டார். அந்தப் புடவையையே கட்டிக் கொடுக்கச் சொன்னார்.

ப்ரியா துண்டை முகத்திலிருந்து எடுத்துவிட்டு அப்பாவின் பக்கத்தில் போய் நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

“என்னையும் காட்டுங்கப்பா. எங்கெங்க புள்ளி இருக்குன்னு நீங்களே சொல்லிடுங்க.”

கே.கே. நகர் அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். வைரவன் புடவையை மடித்தார். பட்டுப் புடவையை மடிக்க அவருக்கு அரை நிமிடம் போதும். அன்று மூன்று நிமிடம் ஆயிற்று.

“வீட்டுக்குப் போ. நாளைக்குக் காலைல சொல்லுதேன்” என்றார்.

அந்தப் படம் ஏறினால், தான் பனகல் பார்க் பக்கம் மட்டுமல்ல, கடைக்குள்ளும் இனி கால் வைக்கப் போவதில்லை என்று ப்ரியா சொன்னாள். சொன்னதைச் செய்கிறவள். கோவையில் கம்பெனி ஒரு இடம் தருவதாகச் சொல்லி ஒரு மாதமாகிறது, அவள் இன்னும் வேண்டாம் என்று பதில் எழுதவில்லை. அது வைரவனுக்கும் தெரியும்.

தணிகாசலம் சாலை வீட்டில் ஆறரை மணிக்கு பேச்சியம்மாள் கல்யாண ஆல்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை வைரவனின் முகத்தை ஜன்னல் ஓரமாகப் பிடித்துப் பார்த்தாள். பால்கோவாதான். ஆனால் அந்த ஆல்பத்தில் எல்லாருமே பால்கோவாவாக இருந்தார்கள், கல்யாணத்துக்கு வந்த செங்கல்சூளை மாமா உட்பட. ஸ்டுடியோக்காரன் கைவேலை. அந்தக் காலத்திலும் ஒரு ஷரஃபுதீன் இருந்திருக்கிறார்.

சக்திவேல் வந்ததும் மறுபடி எஸ்.எஸ்.எல்.சி. புத்தகப் பேச்சு. பீரோவின் உள்லாக்கர் ஒன்றைத் தவிர எல்லா இடத்திலும் தேடியாயிற்று. அதன் சாவி தொலைந்து பத்து வருடம் என்று அப்பா சொல்வது வழக்கம். பூட்டுக்காரரைக் கூப்பிட்டு உடைத்துவிடலாமா என்றான். பேச்சியம்மாளுக்கு எதையாவது உடைக்க வேண்டும் என்றுதான் காலையிலிருந்து இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் அவள் குளியலறைக்குப் போனாள். பத்து நாளைக்கு மகள் பவுடர் போடக்கூடாது என்று டாக்டர் சொன்னது நினைவில் இருந்தது. அலமாரியிலிருந்த பவுடர் டப்பாக்களைச் சேர்த்து அள்ளினாள்.

பின்வரிசையிலிருந்த பழைய தகர டப்பா ஒன்று கலகலவென்றது.

பவுடர் கலகலக்காது. மூடியைத் திறந்து கவிழ்த்தாள். வெள்ளைத் தூளோடு ஒரு சாவி கையில் விழுந்தது.

உள்லாக்கரில் பத்திரங்கள், வெள்ளிக் குங்குமச் சிமிழ், எல்லாவற்றுக்கும் அடியில் துணியில் சுற்றிய ஒரு பழுப்பு அட்டைப் புத்தகம். எலி தின்னவில்லை. வெள்ளத்தில் போகவில்லை. சக்திவேல் பாய்ந்து வந்து மதிப்பெண் பக்கத்தைப் புரட்டினான். கணக்கில் எழுபத்தொன்று. எல்லாப் பாடத்திலும் தேர்ச்சி. பிறந்த தேதியும் தெளிவாக இருந்தது. அவனுக்கு ஏமாற்றமாகிவிட்டது.

“பாஸ்தான்மா. அப்புறம் எதுக்கு ஒளிச்சு வச்சாங்க?”

ப்ரியா களிம்பு பூசிய முகத்தோடு வந்து எட்டிப் பார்த்தாள். பேச்சியம்மாளின் கைப்பேசி அடித்தது. திரையில் வைரவன் பெயர். அவள் எடுக்கவில்லை. மகன் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, முதல் பக்கத்துக்குத் திருப்பினாள்.

மாணவர் பெயர், தந்தை பெயர், ஊர். அதற்குக் கீழே, மாணவரை நேரில் நிறுத்திப் பார்த்து எழுத வேண்டிய ‘அங்க அடையாளங்கள்’. தலைமை ஆசிரியர் ஸ்ரீரங்கன் நீல மையில் நிதானமாக எழுதியிருந்தார்.

ஒன்று: முகம் முழுவதும் சிறு பழுப்புப் புள்ளிகள்.

இரண்டு: மேற்படி புள்ளிகள் இரு காதுகளிலும்.